குமரேசனின் பீங்கான் சிரிப்பு

இனிமேல் வாயைத் திறந்து சிரிப்பது என்று ஐம்பத்தொன்றாவது வயதில் குமரேசன் முடிவெடுத்தார்.

அதுவரை அவர் சிரிக்காதவர் அல்ல. மூடிய வாய்க்குள்ளேயே சிரித்து முடித்துவிடுவார். ஒரு நாளைக்கு ஏழு டீ வீதம் முப்பது வருஷம் ஊற்றியதில் முன்பற்கள் டீ கிளாஸின் அடிப்பக்கம் மாதிரி ஆகியிருந்தன. இந்த நேரத்தில்தான் மகள் அஸ்வினிக்கு வளவனூரில் மாப்பிள்ளை அமைந்தது. மாசியில் நிச்சயதார்த்தம். பெண் பார்க்க வந்த சம்பந்தி ஜெகதீசன் சிரித்த சிரிப்புக்குக் கூடத்தில் டியூப்லைட்டே தேவைப்படவில்லை. அன்றிலிருந்து குமரேசன் கண்ணாடியும் கையுமாகத் திரிந்தார். பட்டப்பகலில் கனவு கண்டார்.

விழுப்புரத்தில் வீடு. திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளர் வேலை. தினமும் ரயில். ஒரு சாயங்காலம், மனைவி காந்திமதிக்குத் தெரியாமல், திண்டிவனத்துப் பல் டாக்டர் கலைமதி முன்னால் போய் உட்கார்ந்தார். பல்லைக் காட்டக் கூச்சம். கைக்குட்டைக்குள்ளிருந்தே விஷயத்தைச் சொன்னார்.

"வெனீர்னா பல்லு மேல ஒட்டுற மெல்லிசான மூடி சார். ரெண்டு வகை இருக்கு. கம்போசிட்னா பசை மாதிரி பூசி, செதுக்கி, ஒரே நாள்ல முடிச்சிடலாம். ஆனா டீ குடிச்சா கறை புடிக்கும்."

குமரேசனின் முகம் வாடியது.

"பீங்கான்னா கறை அவ்வளவா ஒட்டாது. ரொம்ப நாள் உழைக்கும். ஆனா ஒட்டறதுக்கு முன்னாடி பல்லைக் கொஞ்சம் சீவணும். சீவுனா சீவுனதுதான், திரும்ப வளராது. அளவெடுத்து லேபுக்கு அனுப்பி வர்றதுக்கு ரெண்டு மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் தற்காலிகமா ஒண்ணு ஒட்டி அனுப்புவோம்."

பிறகு நிற அட்டையை நீட்டினார். பெயிண்ட் கடை அட்டை போல வரிசையாகப் பற்கள். பால், தயிர், மோர், பழைய மோர் என்று குமரேசன் மனதுக்குள் பெயர் வைத்துக்கொண்டே போய், பாலிடம் திரும்பி வந்து மயங்கி நின்றார்.

"வீட்டுல பேசிட்டு சனிக்கிழமை வாங்க. அந்த ஃபாரத்தை மட்டும் எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

திரும்பும் ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தது. மயிலம் போனது, பேரணி போனது. ஏரித் தண்ணீரில் வெயில் சாய்ந்து கிடந்தது. நடவு வயலில் கொக்குகள் வரிசை கட்டி நின்றன. மேலே எட்டு, கீழே எட்டு. வயலே அவரைப் பார்த்துப் பீங்கானில் சிரித்தது. முண்டியம்பாக்கம் வருவதற்குள் குமரேசன் வளவனூர் மண்டபத்தில் மேடையேறிவிட்டார். போட்டோக்காரர் ஃபிளாஷை அணைத்துவிட்டு, "ஐயா சிரிச்சா போதும்" என்கிறார். சம்பந்தி வாயைப் பொத்திக்கொண்டு பின்வரிசைக்குப் போகிறார். விழுப்புரத்தில் வண்டி காலியான பிறகும் உட்கார்ந்திருந்தவரை, பெருக்க வந்த அம்மாள்தான் தட்டி இறக்கிவிட்டாள்.

வீட்டில் காந்திமதி கேப்பை அடை தட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாங்க, இவ்ளோ லேட்டு?"

"லேபுல வேலை."

"எந்த லேபுல?"

"எனக்கு எத்தினி லேபு இருக்குது?"

"சரி வுடுங்க. நிச்சயதார்த்தத்துக்குத் தட்டு வாங்கணும். பீங்கான் வாங்கலாமா, பிளாஸ்டிக்கே போதுமா?"

பீங்கான் என்ற சொல் காதில் விழுந்ததும் குமரேசன் மறுபடி கொக்குகளிடம் போய்விட்டார்.

"பீங்கான்தான். டீக்கறை ஒட்டாது."

"நெறம்?"

"பால் வெள்ளை. பார்க்கறவன் கண்ணு கூசணும்."

"ஜல்தியா வந்துடுமா?"

"ரெண்டு மூணு வாரம் ஆவும்."

"சீவணுமாமே?"

"கொஞ்சமாத்தான் சீவுவாங்க. நோவாது."

"தட்டையா?"

அடை தீயும் வாசனையில் குமரேசனுக்கு விழிப்பு வந்தது.

"ஃபாரத்துல எந்த நம்பரு எழுதுனீங்க?" என்றாள் காந்திமதி, அடையைத் திருப்பிக்கொண்டே.

கேஸ் முதல் பேங்க் வரை கை பழகிய ஒரே நம்பர். அவளுடைய நம்பர்.

"சனிக்கெழமை பத்தரைக்கு வரச்சொல்லி எனக்குத்தான் மெசேஜு வந்துது."

பேஜாராகப் போகிறது என்று குமரேசன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். திட்டு ஒன்றும் விழவில்லை.

"நானும் கூட வர்றேன்," என்றாள்.

இப்படி ஒரு மனைவி யாருக்கு வாய்க்கும்! குமரேசன் தீய்ந்த அடையை உருகி உருகிச் சாப்பிட்டார்.

சனிக்கிழமை. இருவரையும் பார்த்ததும் டாக்டர் கலைமதி எழுந்தே வந்தார்.

"வாங்க வாங்க, லேபுலேர்ந்து வந்துருச்சு. உட்காருங்க."

குமரேசன் ஒரே எட்டில் போய் நாற்காலியில் சாய்ந்தார்.

"நீங்க இல்ல சார். அம்மா."

சாய்ந்தவர் நிமிர்ந்தார். "இன்னாது வந்துருச்சு?"

"பீங்கான்," என்றாள் காந்திமதி. "திண்டிவனத்து அக்காவைப் பாத்துட்டு வர்றேன்னு சொல்லிட்டு வந்தேனே, அன்னிக்குத்தான் சீவுனாங்க. இருவது நாளா தற்காலிகப் பல்லோட உங்க எதிர்லதான் குந்திக்கினு சாப்புடறேன். நீங்க கண்ணாடியையே பார்த்துக்கினு இருந்தீங்க."

"உன் பல்லுக்கு இன்னா?"

"கரும்பு கடிச்சு ஒடைஞ்ச முன்பல்லுங்க. இருவத்தஞ்சு வருஷமா தலைப்பால வாயை மூடிக்கினு சிரிக்கறேன்."

"நான் அது வெக்கம்னு இல்ல நெனச்சேன்!"

"நெனைப்பீங்க."

குமரேசன் இறங்கி வழிவிட்டார். "அப்போ எனக்கு?"

டாக்டர் விளக்கைத் திருப்பி, முதல்முறையாக அவர் வாயைத் திறக்கவைத்துப் பார்த்தார். "பல்லு நல்லாத்தான் இருக்கு சார். வெறும் டீக்கறை. சுத்தம் பண்ணுனா போதும். அம்மாவும் அதேதான் சொன்னாங்க."

"ரெண்டு பேரும் பளபளன்னு போய் நின்னா பொண்ண யாரு பார்ப்பாங்க?" என்றாள் காந்திமதி.

சாயங்கால ரயிலில் அவள் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தபடி வந்தாள். ஜன்னல் வெளிச்சம் அவள் பல்லில் பட்டுப் பட்டு நகர்ந்தது. குமரேசன் தன் பல்லை மறந்தார், சம்பந்தியை மறந்தார். முதல்முறை பார்ப்பவர் போல அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேர்க்கடலை விற்கும் அம்மாள் மல்லாட்டைக் கூடையை இறக்கி வைத்தாள். "இந்தா கண்ணு, உனக்கு வறுத்தது தரட்டுமா? அப்பாவுக்கு அவிச்சது தர்றேன், பல்லுக்கு எதமா இருக்கும்."

காந்திமதி திருத்துவாள் என்று குமரேசன் காத்திருந்தார்.

"பார்த்துக் குடுங்கம்மா," என்றாள் அவள், புதுப்பல் அத்தனையும் தெரிய. "அப்பாவுக்கு உப்பு ஆவாது."