ஒரு கிலோ சீனியும் இரண்டு கரண்டி நெய்யும்

கிளினிக்கின் தராசு பொய் சொல்கிறது என்று பத்துப் பதினைந்து பேர் முன்னிலையில் சண்டை போட்டவள் நான். வாயால் மட்டும் போட்டிருந்தால் இந்நேரம் எல்லாரும் மறந்திருப்பார்கள். நான் ஆதாரத்தோடு போட்டேன். எதிர்க்கடையில் வாங்கிய ஒரு கிலோ சீனிதான் அந்த ஆதாரம்.

அப்போது என் மகள் யாழினிக்கு ஒன்றரை வயது. எடை ஏறவில்லை. கிளினிக்கில் கொடுத்த புத்தகத்தில் வளைந்து மேலே போகும் ஒரு கோடு இருக்கும். மற்ற பிள்ளைகளின் புள்ளிகள் அதைத் தொட்டுக்கொண்டு ஏற, என் மகளின் புள்ளி மட்டும் அடியில் தவழ்ந்துகொண்டிருந்தது. (அவள் நடக்கத் தொடங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது. புள்ளிதான் இன்னும் எழுந்து நிற்கவில்லை.)

மிஸ்ஸி, அதாவது எங்கள் ஊர்த் தாதி, தெளிவாகச் சொன்னார். "கஞ்சியில ஒரு சின்னக் கரண்டி எண்ணெயோ நெய்யோ சேருங்கமா. ருசியும் வரும், வெயிட்டும் ஏறும். அடுத்த மாசமும் இப்படியே இருந்துச்சுன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துருவேன்."

பெரிய ஆஸ்பத்திரி என்ற சொல்லுக்குப் பிறகு எனக்கு எதுவும் காதில் விழவில்லை. ஒரு கரண்டி போதுமா? கரண்டி என்றால் தட்டையாகவா, குவித்தா? எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு போட்டேன். குவித்து.

அதே மாதம், அதே கிளினிக்கின் டாக்டர், ரத்தத்தில் கொழுப்பு கூடியிருந்த என் மாமனாரிடம் நேர்மாறாகச் சொன்னார். நெய் கூடாது, தேங்காய்ப்பால் கூடாது, எண்ணெயைத் தொடவே கூடாது. எங்கள் வீடு அசாம் ஜாவா என்ற ஊரில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. எந்தச் சன்னலைத் திறந்தாலும் தெரிவது சமையல் எண்ணெய்தான், மர வடிவில். அதன் நடுவே உட்கார்ந்து ஒருத்திக்கு இரண்டு கரண்டி கூட்டவும், ஒருத்தருக்கு ஒரு சொட்டும் விடாமல் குறைக்கவும் வேண்டியிருந்தது.

நான் படித்தவள் அல்லவா? முறையாகச் செய்தேன். சிவப்பு மூடி டப்பாவில் மகளுக்குப் பருப்புச் சோறும் நெய்யும். நீல மூடி டப்பாவில் மாமாவுக்குச் சோறு, தாளிக்காத ரசம், பாசிர் பெனம்பாங் மீன்பிடித் துறையில் வாங்கி, ஆவியில் வேகவைத்த மீன் ஒரு துண்டு. தமிழ்ப்பள்ளி அலுவலகத்தில் எனக்கு வேலை. காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் திரும்ப மூன்று மணி ஆகும். அதுவரை பிள்ளை மாமாவிடம். தோட்டத்தில் முப்பது வருடம் மண்டோராக இருந்து நூறு பேரை வேலை வாங்கியவர், ஒரு பிள்ளைக்குச் சோறு ஊட்ட மாட்டாரா?

தினமும் வந்ததும் விசாரிப்பேன்.

"பிள்ள சாப்பிட்டாளா மாமா?"

"ஒரு பருக்க விடலமா."

"நீங்க?"

"நானுந்தான். எண்ணெ இல்லாட்டியும் வாய்க்கு நல்லாத்தாம்மா இருக்கு."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ருசி கொழுப்பில் இல்லை, சமைக்கும் கையில் இருக்கிறது என்று கணவரிடம் அரைமணி நேரம் பேசினேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"நல்லா இருக்குன்னு சொன்னது எங்கப்பாவா?"

என் சமையலைக் குத்திக் காட்டுகிறார் என்று நினைத்து இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. (அன்று கொஞ்சம் யோசித்திருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது.)

ஒரு மாதம் முடிந்தது. கணவருக்கு வேலை என்பதால் கிளினிக்குக்கு மாமா துணைக்கு வந்தார். மிஸ்ஸி யாழினியைத் தராசில் உட்கார வைத்தார்.

"நூறு கிராம்தான்மா ஏறியிருக்கு. நெய் போட்டீங்களா இல்லியா?"

"தினமும் போட்டேன் மிஸ்ஸி. ரெண்டு கரண்டி!"

"சாப்பிடுறாளா?"

"ஒரு பருக்க விடாம."

மிஸ்ஸி பேனாவை எடுத்தார். ஆஸ்பத்திரிக்கு எழுதத்தான். அப்போதுதான் மாமா என் காதருகே குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"தராச ஒருவாட்டி சரிபாக்கச் சொல்லுமா."

எங்கள் ஆட்களிடம் இதைச் சொன்னால் போதும், ரத்தம் சூடேறிவிடும். ரப்பர் பால் நிறுத்த காலத்திலிருந்தே தோட்டக் கணக்கெழுதும் கிராணியின் தராசை நம்பாத குடும்பங்கள் நாங்கள். வாளியில் நிறைந்திருக்கும் பால் தராசில் மட்டும் குறைந்துவிடும் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். முன்னாள் மண்டோரே சொல்கிறார் என்றால் சும்மாவா?

"உங்க தராசு தப்பு மிஸ்ஸி."

"போன வாரந்தான்மா வந்து பாத்துட்டுப் போனாங்க."

"நான் நிரூபிக்கிறேன்."

பிள்ளையை மாமாவிடம் கொடுத்துவிட்டுச் சாலையைக் கடந்து ஓடினேன். சீனியோடு மூச்சிரைக்கத் திரும்பி, பிள்ளைகளை வைக்கும் தராசில் பொட்டலத்தைப் படுக்க வைத்தேன். வரிசையில் இருந்த தாய்மார்கள் எல்லாரும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள்.

ஒரு கிலோ. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"இன்னொரு தடவ வைங்க," என்றேன் மிஸ்ஸியிடம். வைத்தார். சீனி என்னைக் கைவிட்டது.

மிஸ்ஸி நல்ல மனுஷி. கோபப்படவில்லை. "என்னதான் கொடுக்கிறீங்க, காட்டுங்க," என்றார். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு டப்பாக்களும் பையில் இருந்தன. எடுத்து மேசைமேல் வைத்தேன், பரிசு வாங்கப் போகிறவள் மாதிரி.

சிவப்பு மூடியைப் பார்த்ததும் யாழினி தாத்தாவின் மடியிலிருந்து இறங்கி வந்தாள். டப்பாவை இரண்டு கையாலும் தூக்கி, தள்ளாடித் தள்ளாடி நடந்து, அதைத் தாத்தாவின் மடியில் வைத்தாள். பிறகு உதட்டில் விரலை வைத்து, "ஷ்ஷ்ஷ்" என்றாள். திரும்பி வந்து நீல மூடியைத் தட்டி, "மம்மம்" என்று வாயைத் திறந்தாள்.

மிஸ்ஸி மாமாவைப் பார்த்தார். "ஐயா, உங்க வெயிட்டையும் பாத்துருவோமா?"

"எனக்கு அடுத்த வாரந்தாம்மா வரச் சொல்லியிருக்காங்க."

"பரவால்ல, ஏறுங்க."

ஒரே மாதத்தில் மூன்று கிலோ ஏறியிருந்தார். "இந்தத் தராசும் சரியில்ல போலருக்கு," என்று அவர் முனகியதுதான் தாமதம், வரிசையிலிருந்து ஒரு அக்காள் குரல் கொடுத்தாள். "சீனி இங்கதான் இருக்கு லா! வெச்சுப் பாருங்க!"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. நான் சிரிக்கவில்லை.

"ஏன் மாமா இப்படிச் செஞ்சீங்க?"

"சூடு பாக்க ஒரு வாய் வெச்சேம்மா. நெய் மணத்துக்குக் கை நிக்கல. பிள்ளைக்குக் கொடுத்தா துப்புறா. என் மீனக் காட்டிக் காட்டி அழுவுறா. முள்ளெடுத்து ஊட்டினேன், நல்லாத் தின்னா. ரெண்டு பேருக்கும் வயிறு நெறஞ்சிச்சு, உனக்கும் மனசு நெறஞ்சிச்சு. நான் என்னத்தச் சொல்ல?"

"தராச ஏன் சரிபாக்கச் சொன்னீங்க?"

மாமா சிவப்பு டப்பாவை என்னிடம் நீட்டினார்.

அன்றுதான் சிவப்பு டப்பாவில் இருந்ததை முதன்முதலாக வாயில் வைத்துப் பார்த்தேன். ஒரு மாதம் சமைத்தவள் ஒருநாள்கூட ருசி பார்த்ததில்லை. விளக்கில் ஊற்ற வேண்டியதைச் சோற்றில் ஊற்றியிருந்தேன். கொழுப்பு சேர்த்தால் ருசி கூடுமா என்று யாராவது கேட்டால், யாருடைய நாக்குக்கு என்று நான் திருப்பிக் கேட்பேன்.

மிஸ்ஸி எழுத எடுத்த தாளை மடித்து வைத்துவிட்டு இன்னும் ஒரு மாதம் கொடுத்தார். பிள்ளைக்குப் பிடித்த மீன் சோற்றிலேயே ஒரு கரண்டி எண்ணெய், தட்டையாக. மாமா தினமும் அவள் சாப்பிடுவதைப் படம் பிடித்து எனக்கு அனுப்ப வேண்டும், அவருடைய தட்டோடு சேர்த்து. அடுத்த மாதம் அரைக் கிலோ ஏறியது. புத்தகத்தில் அந்தப் புள்ளி எழுந்து நின்றதைப் பார்த்து, தராசைக் கட்டிப்பிடிக்காத குறைதான்.

போன வருடம் இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது அதே கிளினிக்கில் அதே மிஸ்ஸி. துணைக்கு மாமாதான் வந்திருந்தார். தராசில் ஏறினேன். முள் நான் எதிர்பார்க்காத இடத்துக்குப் போய் நின்றது. என்னையும் மீறி வாயில் வந்துவிட்டது.

"இது சரியா இருக்கா மிஸ்ஸி?"

மிஸ்ஸி மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கிலோ சீனிப் பொட்டலத்தை எடுத்து வைத்தார். "உங்களுக்குன்னே வாங்கி வெச்சிருக்கேன். நிறுத்துக் காட்டட்டுமா?"

வேண்டாம் என்று இறங்கப் போனேன். பின்னால் நாற்காலியிலிருந்து மாமாவின் குரல் மெதுவாக வந்தது.

"எதுக்கும் ஒருவாட்டி காட்டச் சொல்லுமா."