ஜேபி ஐயாவும் நாலடிக் கொடுவாவும்

கனகசிங்கம் மூன்றாவது தடவையாகக் கைகளை விரித்து மீனின் அளவு காட்டினார். அவருடைய மனைவி கண்ணகை அளவைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள். வெறுங்கை.

"நாலடிக் கொடுவா?"

"நாலடி. கூடினாலும் குறையாது."

"புன்னையடிக் குளத்துல?"

"அதே குளத்துலதான்."

"பிடிச்சுப்போட்டுத் திருப்பி விட்டுட்டீங்க?"

"ஓம்."

கண்ணகை சட்டியை இறக்கி வைத்தாள். "நல்லது. அப்ப மத்தியானத்துக்கு இந்தக் கதையையே சோத்துல ஊத்தித் தின்னுங்க. எனக்குப் பருப்பு இருக்கு."

வேறொரு மனுசன் இப்படிச் சொல்லியிருந்தால் வீட்டோடு போயிருக்கும். கனகசிங்கம் லேசுப்பட்ட ஆள் இல்லை. அரசாங்கக் கச்சேரியில் முப்பத்தொரு வருடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர், இப்போது ஜேபி என்கிற சமாதான நீதவான். வாழைச்சேனைப் பக்கத்தில் எந்தப் பத்திரத்தின் பிரதிக்கும் கையெழுத்து வேண்டுமென்றால் சனம் தேடிப் போவது ‘ஜேபி ஐயா’ வீட்டைத்தான். ஒறிஜினலைக் கண்ணால் காணாமல் அவர் ஒரு கொப்பிக்கும் முத்திரை குத்தியது கிடையாது. சொந்த மச்சான் வந்து, "ஒறிஜினல் வீட்ட கிடக்கு, பிறகு கொண்டாறன்" என்று கெஞ்சியபோதும், "அப்ப நீயும் பிறகு வா" என்று வாசலோடு அனுப்பியவர். மச்சான் இன்றுவரை வரவில்லை.

அப்படிப்பட்டவரைக் கெடுத்தது மகன் அனுப்பிய பார்சல். ஒஸ்ரேலியாவில் இருக்கும் நிதுர்ஷன், அப்பா ஓய்வாக இருக்கிறாரே என்று ஒரு தூண்டில் தடி, பளபளக்கும் ரீல், கண்ணும் செதிலும் வைத்த பிளாஸ்டிக் மீன்கள், பத்தொன்பது பை தைத்த ஒரு மேற்சட்டை எல்லாம் அனுப்பியிருந்தான். கூடவே ஒரு வீடியோவும் வந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரன் பென்னாம்பெரிய மீனைப் பிடித்து, அதன் நெற்றியில் முத்தம் கொடுத்து, மறுபடி தண்ணீரில் விட்டான். "விசரன்" என்றார் கனகசிங்கம். இருந்தாலும் அதை ஒன்பது தடவை பார்த்தார்.

வாவிக்குப் போனால் வலைக்காரர்கள் சிரிப்பார்கள் என்று அவர் புன்னையடிக் குளத்துக்குப் போனார். பேர்தான் குளம். இந்தக் கரையில் நின்று தும்மினால் அந்தக் கரையில் நிற்பவர் "நூறு" என்று வாழ்த்துவார். பெருமழைக்கு வாவி பெருகும்போது அதிலும் வெள்ளம் ஏறி இறங்கும். மற்ற நாட்களில் மாடு குடிக்கும், ஆம்பல் பூக்கும்.

அன்று விடிந்து வெயில் எறித்த நேரம், எட்டாவது வீச்சில் தடி வளைந்தது.

ரீல் கத்திக்கொண்டு சுழன்றது. முழங்காலளவு தண்ணீரில் இறங்கி, வழுக்கி விழுந்து, எழும்பி, இருபது நிமிடம் இழுபட்டார். பிறகு தூண்டில் நரம்பான தங்கூசியின் மறு நுனியில் இருந்தது ஆழமில்லாத கரைக்கு வந்து, பக்கம் சாய்ந்து கிடந்தது.

கனகசிங்கத்துக்கு மூச்சு நின்று வந்தது. அவருடைய நெஞ்சளவு மீன். ஒவ்வொரு செதிலும் ஐந்து ரூபாய் நாணயக் குற்றி அளவு. வெயில் பட்டால் வெள்ளி, அது அசைந்தால் பச்சை, திரும்பவும் வெள்ளி. தணல் போலச் சிவந்த கண் அவரையே பார்த்தது. இத்தனை காலமும் மாடுகளுக்கும் சலவைக்கும் நடுவில், ஒருவர் கண்ணிலும் படாமல் இந்தச் சின்னக் குளத்துக்குள் இது இருந்திருக்கிறதே என்று நினைக்க அவருக்கு உடம்பு புல்லரித்தது. கோயிலில் திரை விலகும்போது வருகிற அழுகை வந்தது. இதைக் கொல்ல நான் ஆர் என்று தோன்றியது. குறட்டால் தூண்டிலைக் கழற்றினார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நெற்றியில் ஒரு முத்தமும் கொடுத்தார்.

படம் எடுக்க வேண்டும் என்று அப்போதுதான் நினைவு வந்தது. போன் பத்தொன்பது பைகளில் ஒன்றில் இருந்தது. பதினேழாவது பையில் அதைக் கண்டுபிடித்தபோது, மீன் வாலால் அவருடைய முகத்தில் தண்ணீரை அடித்துவிட்டுப் போய்விட்டது.

கண்ணகையிடம் எடுபடாத கதையை அவர் வாசலில் நின்று மீன்காரன் நௌஷாட்டிடம் சொன்னார். மீனைப் பற்றி மீன்காரனுக்குத் தெரியாதா? ஓட்டமாவடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி, தினமும் அந்தத் தெருக்களில் மீன் விற்பவன் அவன்.

நௌஷாட் சிரித்த சிரிப்பில் மோட்டார் சைக்கிள் சாயப் பார்த்தது. "அந்த மடுவுலயா ஐயா? அதுல தவளைக்கே முறை வெச்சுத்தான் நீந்த ஏலும்!"

"நான் பொய் சொல்லுவனா நௌஷாட்?"

"இவ்வளவு நாளும் சொல்லல்லதான்" என்று ஹோனை அடித்துக்கொண்டு போனான். அன்று அவன் மீன் விற்ற வீட்டுப் படலைகளிலெல்லாம் கொடுவாக் கதையும் சேர்ந்து விலைப்பட்டது.

பின்னேரம் எருமைக்காரர் கந்தப்போடி ஒரு காணி உறுதியின் கொப்பியோடு வந்தார்.

"ஒறிஜினல் எங்க போடியார்?"

"பிடிச்சன் ஐயா. நாலடி நீளம். பாவமாக் கிடந்திச்சு, திருப்பி விட்டுட்டன்."

திறந்த முத்திரைப் பெட்டியைக் கனகசிங்கம் மூடினார்.

அதற்குப் பிறகு நாலு நாள் ஒருவரும் வரவில்லை. பேப்பர் மில் பக்கத்து ஜேபியிடம் சனம் போவதாகக் கேள்வி. மீனில் இத்தனை அடி கூட்டுபவர் கையெழுத்துப் போட்ட பத்திரம் கொழும்பில் எடுபடுமா என்று தையல்கடையில் பேசிக்கொண்டார்களாம். கனகசிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. காணியோ காசோ அவர் சேர்த்து வைக்கவில்லை. ஜேபி சொன்னால் அது அப்படித்தான் என்ற ஒரு பேரைத்தான் சேர்த்து வைத்திருந்தார். அது போகிறதென்றால் அவருக்கு வேறென்ன இருக்கிறது?

"எல்லாருக்கும் முன்னால திருப்பிப் பிடிச்சுக் காட்டுறன்" என்றார்.

"சும்மா கிடங்க" என்றாள் கண்ணகை. "இருக்கிற மானமாவது மிஞ்சட்டும்."

சனிக்கிழமை காலை அரைவாசி ஊர் கரையில் நின்றது. முதல் வீச்சில் ஒரு ஹெல்மெட் வந்தது. "இது எத்தன அடி ஐயா?" என்று யாரோ கேட்டார்கள். இரண்டாவது வீச்சில் அடி உடைந்த வாளி. மூன்றாவதில் ஆம்பல் இலைகளுக்கு அப்பால் தண்ணீர் ஒரு பெரிய வட்டமாகச் சுழித்தது. தங்கூசி இறுகியது.

"வந்திட்டு!" என்று கத்தினார் கனகசிங்கம்.

அந்த நேரம் பார்த்துக் கந்தப்போடியின் பதினொரு எருமைகளும் குளத்துக்குள் பாய்ந்தன. அதே நேரம் நௌஷாட்டின் ஹோனும் இறுகி, விடாமல் அலறியது. கண்ணகை ஓடிவந்து, "பாம்பு! காலடியில பாம்பு!" என்று அவருடைய கையைப் பிடித்து இழுத்தாள். தங்கூசி அறுந்தது. பாம்பையும் காணவில்லை, மீனையும் காணவில்லை. பிளாஸ்டிக் மீன் ஒரு எருமையின் வாலில் தொங்கிக்கொண்டு கரையேறியது.

"ஆ, ஐயாட மீன் நடந்து போகுது!" என்றான் நௌஷாட்.

கடைசி வழியாக அவர் மகனுக்கு வீடியோ கோல் எடுத்து அழாக்குறையாகச் சொன்னார். அப்பாவை இப்படி அவமானப்படுத்துகிறார்களா என்று நிதுர்ஷனுக்கு ரத்தம் கொதித்தது. குளத்தின் பேர், இடம், மீனின் நீளம் எல்லாவற்றையும் பேஸ்புக்கில் விபரமாகப் போட்டு, "என் அப்பா பொய் சொல்ல மாட்டார்" என்று முடித்தான்.

திங்கட்கிழமை காலை அவருடைய வாசலில் ஒரு லான்ட்மாஸ்டர் உழவு வண்டி வந்து நின்றது. அதில் ஒரு தண்ணீர்ப் பம்ப், சுருள் சுருளாகக் குழாய், ஒரு பெரிய வலை, மூன்று வேலையாட்கள். முன்னால் இருந்து ஜெயந்தன் இறங்கினான். பாசிக்குடா விடுதிகளுக்குப் பெரிய மீன்களைத் தேடி எடுத்துக் கொடுப்பவன்.

"ஐயா, நீங்க சொன்னத நான் நம்புறன்."

ஒரு கிழமைக்குப் பிறகு முதன்முதலாக ஒரு மனிதன் சொன்ன வார்த்தை. கனகசிங்கம் அவனை உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்து, தானே கூட்டிக்கொண்டு போய்க் குளத்தைக் காட்டினார். பம்ப் எதற்கென்று அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டுமென்று தோன்றவுமில்லை.

ஊர் திரண்டு வந்துவிட்டது. கந்தப்போடி பம்புக்கு முன்னால் நின்றார். "தம்பி, இதுக்குள்ள ஒண்டுமில்ல. ஐயாக்கு வயசு போயிட்டு. வெயிலுக்க நிண்டா அப்பிடித்தான் தெரியும்."

"ஓம் தம்பி" என்றான் நௌஷாட். "ஹெல்மெட் வேணுமெண்டா எடுக்கலாம்."

கண்ணகைகூட, "அவருக்கு ஆறேழு நாளா நித்திரையும் இல்ல தம்பி, நீங்க போங்க" என்றாள்.

கனகசிங்கத்துக்குச் சுர்ரென்று ஏறியது. "இருக்கு! நாலடி இருக்கு! போடு தம்பி பம்ப, இண்டைக்கு இவங்க எல்லாரும் கண்ணால பாக்கட்டும்!"

பம்ப் உறுமியது. வாய்க்காலில் தண்ணீர் விழத் தொடங்கியது. ஒரு மணித்தியாலத்தில் குளம் பாதியாயிற்று. ஆம்பல் இலைகள் சேற்றில் படிந்தன. இத்தனை நாளும் வாய் ஓயாத சனம் அன்று பேச்சுமூச்சின்றி நின்றது. தோற்கப் போகிறோம் என்ற பயம் என்று நினைத்துக் கனகசிங்கம் உள்ளூரச் சந்தோசப்பட்டார்.

ஜெயந்தனின் ஆட்கள் வலையோடு மறுகரையில் நின்றார்கள். அவருடைய காலடியில், புன்னை வேர் தண்ணீருக்குள் இறங்கும் இடத்தில், கருநிழல் ஒன்று மெல்லத் திரும்பியது. இரண்டு முழத் தூரத்தில் அதே சிவந்த கண் தெரிந்தது. போக இடமில்லாமல் வேரோடு ஒட்டிக்கொண்டு செவுள் அடித்து அடித்து மூச்சு வாங்கியது. முதுகுச் செட்டை தண்ணீருக்கு மேலே வந்துவிட்டது. அப்போதும் அது எவ்வளவு அழகு! பயந்து ஒடுங்கிக் கிடக்கும்போதும் அந்தக் குளம் முழுவதும் அதற்குத்தான் சொந்தம் என்பதுபோல இருந்தது.

இன்னும் கால் மணித்தியாலம் பொறுத்தால் போதும். ஊர் முழுக்க அவருடைய காலில் விழும். ஜேபி சொன்னால் அது அப்படித்தான் என்று பேரப்பிள்ளை காலம்வரை பேசும்.

கனகசிங்கம் வேருக்கு முன்னால் சேற்றில் இறங்கி, தன் உடம்பால் அந்த இடத்தை மறைத்துக்கொண்டு நின்றார்.

"பம்ப நிப்பாட்டு தம்பி!"

"ஏன் ஐயா?"

"மீன் இல்ல. நான் சொன்னது பொய்."

ஜெயந்தன் பம்பை நிறுத்தினான். "என்ன ஐயா விளையாடுறீங்களா? இப்பதானே இருக்கு எண்டு குதிச்சீங்க?"

"புதுச் சாமான் வந்த சந்தோசப் புளுகத்துல ஒரு கத கட்டிட்டன். பிறகு நிப்பாட்டத் தெரியல்ல. அதுதான் உண்ம."

"விடுதி முதலாளிக்கு நான் என்னத்தச் சொல்ற? எழுதித் தாங்க. ஜேபி சீல் அடிச்சுத் தாங்க, அப்பதான் போவன்."

கண்ணகை வீட்டுக்கு ஓடிக் கடதாசியும் முத்திரையும் கொண்டுவந்தாள். அவர் சேற்றிலிருந்து அசையாமலே, லான்ட்மாஸ்டர் வேலையாளின் முதுகில் கடதாசியை வைத்து எழுதினார்: ‘புன்னையடிக் குளத்தில் கொடுவா மீன் எதுவும் இல்லையென்றும், இருப்பதாக யான் கூறியது முழுப்பொய் என்றும் இத்தால் உறுதிப்படுத்துகின்றேன்.’ கையெழுத்துப் போட்டார். முப்பத்தொரு வருடக் கச்சேரியும் அதற்குப் பிறகான பதவியும் கண்முன்னால் வந்து போயின. முத்திரையை ஊதிக் குத்தினார். அவர் பெயரில் இருந்த முதல் பொய், ஊதா மையில், தெளிவாகப் பதிந்தது.

லான்ட்மாஸ்டர் புகை கக்கிக்கொண்டு திரும்பிப் போனது. சனம் சிரிக்கும் என்று கனகசிங்கம் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. கந்தப்போடி தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். பிறகு எல்லாரும் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனார்கள். பரிதாபப்படுகிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது. அது சிரிப்பைவிட மோசமாக இருந்தது.

அவருக்குப் பின்னால் வேரிலிருந்து ஏதோ விலகி, மிஞ்சிய தண்ணீரின் நடுவுக்குப் போனது. வட்டம் வட்டமாக அலை வந்து அவருடைய முழங்காலில் பட்டது. போகட்டும், என்னுடைய பேர் போனால் என்ன, இது இருக்கிறது என்று நினைத்தார். அப்படியே நின்று கண்ணைத் துடைத்தார்.

நௌஷாட் மட்டும் போகாமல் கரையில் நின்றான். கைகொடுத்து அவரைச் சேற்றிலிருந்து தூக்கிவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"கவலப்படாதீங்க ஐயா, அந்த மீனப் பிடிச்சுத் திருப்பி விட்டுட்டு ‘இந்தக் குளத்துல மீனே இல்ல’ண்டு பொய் சொன்ன பதினாறாவது ஆள் நீங்க, பதினஞ்சாவது ஆள் கண்ணகை அக்கா."