அபாகஸ் போர்டில் இருந்த முகம்

நான் யாரையும் லேசில் நம்ப மாட்டேன். பால் பாக்கெட்டை அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் சிரித்தால் பையை மடிக்கு மாற்றிக்கொள்வேன். பாவசங்கீர்த்தனம் செய்யப் போனால்கூட, ஃபாதர் உள்ளே முழித்துக்கொண்டிருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். (ஒரு முறை தூங்கிக்கொண்டிருந்தார்.)

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு ஆளை முகத்தைப் பார்த்து நம்பினேன். மானம் போனது.

மண்ணூர்பேட்டையில் எனக்கு டிபன் கடை. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் சாப்பிடுவார்கள். வீடு கள்ளிக்குப்பத்தில். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். வீட்டில் இருப்பது குறைவு. நான் எட்டாவதோடு நின்றவள். கணக்கு வரவில்லை. மகள் ஜெனிஃபர் அப்போது பத்தாவது. அவளுக்கும் கணக்கு வரவில்லை. நர்ஸ் ஆக வேண்டும் என்று மட்டும் ஆசை. அரையாண்டுக் கணக்குப் பரீட்சையில் நூற்றுக்குப் பத்தொன்பது மார்க் வாங்கினாள்.

செய்தி கேட்டு முதலில் வந்தது நாத்தனார் ரோஸி. அதே தெரு. எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லர்.

"அண்ணி, தப்பா நெனைக்காத. இதுக்குக் கணக்கு ஏறாது. பெயிலாச்சுன்னா எங்க கம்பெனில இட்டாந்து உட்டுடு. சூப்பர்வைசர் கைல சொல்லி வச்சிகீறேன்."

"பரீட்சையே இன்னும் வரல, ரோஸி."

"முன்னாடியே சொன்னாத்தான் இடம் கெடைக்கும்."

வீட்டுக்காரர் போனில், "அவ சொல்றதும் சரிதானே" என்றார். அண்ணனும் தங்கையும் பேசி வைத்துக்கொண்டார்கள் என்று எனக்குச் சந்தேகம். அன்று ராத்திரி ஜெனி சாப்பிடவில்லை. கணக்கில் பாஸாகாவிட்டால் இவளைத் தையல் மிஷினில் உட்கார வைத்துவிடுவார்கள். அது எனக்குத் தெரிந்தது.

மாடியில் ஒரு ரூம் வாடகைக்கு விட்டிருந்தேன். கேட்டரிங் காலேஜில் படிக்கிற பையன். பெயர் ரின்சாங்கா. ஊர் மிசோரம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போவான். இருந்தாலும் ஆதாரை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். மிசோரம் இந்தியாவில்தான் இருக்கிறது என்று ஜெனி மேப்பில் காட்டிய பிறகுதான் சாவியைக் கொடுத்தேன்.

கடைக்குப் போகிற வழியில் ஒரு அபாகஸ் கிளாஸ். பிள்ளைகள் மணியைத் தள்ளித் தள்ளிக் கணக்குப் போடுவார்களே, அது. வாசலில் பெரிய போர்டு. அதில் ஒரு பையன் சிரிப்பான். சின்னக் கண், நேர் முடி. உள்ளே படிப்பதெல்லாம் நம் தெருப் பிள்ளைகள். போர்டில் மட்டும் அந்தப் பையனை ஏன் போட வேண்டும்? காரணம் இல்லாமலா போடுவார்கள்?

ரோஸியிடம் கேட்டேன்.

"சைனா, ஜப்பான், கொரியா அல்லாம் பொறக்கச் சொல்லவே கணக்கோட பொறக்கும் அண்ணி. போன்ல வீடியோ வருதே, பாக்கல?"

"நம்ம பையன் மிசோரமாச்சே."

"பக்கத்துலதான கீது."

அடுத்த நாள் சாயங்காலம் ரின்சாங்கா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். கண் மூடியிருந்தது. இடது கை விரல்கள் காற்றில் எதையோ அமுக்கி அமுக்கி எடுத்தன. எனக்கு உடம்பு சிலிர்த்தது. அபாகஸ் பிள்ளைகள் அப்படித்தான். பழகிவிட்டால் மணி வேண்டாம், வெறும் காற்றிலேயே கணக்குப் போடும்.

"தம்பி, ஜெனிக்குக் கணக்கு சொல்லிக் குடு."

"ஆன்ட்டி, மேத்ஸ் எனக்குத் தெரியாது."

தெரிந்தவன் எவன் தெரியும் என்று சொல்வான்? பிகு பண்ணுகிறான் என்று நினைத்தேன். மறுநாள் நெத்திலி வறுத்து எடுத்துப்போனேன். தட்டைக் காலி செய்துவிட்டு, "நிஜமா தெரியாது, ஆன்ட்டி" என்றான். அதற்கு அடுத்த நாள் வஞ்சிரம். மீனைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"சரி, ஆன்ட்டி."

கூடத்தில் பாடம் நடந்தது. நான் அடுப்படி வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டே காவல் இருந்தேன். அவனுக்குத் தமிழ் அரைகுறை. அதனால் பேச்செல்லாம் இங்கிலீஷ். எனக்கு ஒரு வரி புரியாது. ஆனால் பேசுவது முழுக்க ஜெனிதான். அவன் நடுநடுவே "ஒய்?" என்பான். அவள் புத்தகத்தைப் புரட்டுவாள், மறுபடி பேசுவாள். அவன் மறுபடியும் "ஒய்?" என்பான்.

ரோஸி வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னா அண்ணி, வாத்தியார் வாயே தொறக்கல?"

"அதான் அவங்க முறை."

"ஆமாமா. இர்க்கும்."

தினமும் அவனுக்கு மீன். எங்களுக்கு ரசம்.

"எனக்கு மீன் இல்லையாம்மா?" என்றாள் ஜெனி.

"மொதல்ல மார்க் வாங்கு."

சிரித்தாள். ஊரையே சந்தேகப்பட்ட நான் அந்தச் சிரிப்பைச் சந்தேகப்படவில்லை.

ரிவிஷன் டெஸ்ட் வந்தது. ஜெனி எழுபத்தொன்று வாங்கினாள். அன்றைக்கே ஸ்கூலிலிருந்து போன். ஓடினேன். கணக்கு டீச்சர் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"பத்தொம்போது வாங்கின பொண்ணு எழுபத்தொண்ணு எப்படிம்மா வாங்கும்? பக்கத்துல பார்த்து எழுதியிருக்கா. ஒத்துக்கச் சொல்லுங்க. இல்லேன்னா ஹெச்.எம். கிட்ட போவேன்."

டீச்சர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமானது. பால் பாக்கெட்டை நான் பார்க்கும் பார்வை.

"வாத்தியார் வச்சுச் சொல்லிக் குடுத்தேன் டீச்சர். நாளைக்குக் கூட்டிட்டு வரேன். நீங்களே பாருங்க" என்றேன்.

"அம்மா, வேணாம்மா" என்றாள் ஜெனி. முகம் வெளுத்துவிட்டது.

"நீ சும்மா இரு."

மறுநாள் ரின்சாங்காவுக்கு வீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டையைப் போட்டுவிட்டேன். அதற்குள் இன்னொருவரும் நுழையலாம். "எங்க ஆன்ட்டி?" என்றான். "வா தம்பி" என்றேன்.

வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அவனைப் பார்த்ததும் டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"ஓ! சார் ஜப்பானா?"

(அவர் வருவதும் அந்த அபாகஸ் போர்டு வழியாகத்தான்.)

எழுபத்தொன்று மேல் இருந்த சந்தேகம் பாதி அங்கேயே போய்விட்டது. டீச்சர் போர்டில் ஒரு கணக்கை எழுதி, சாக்பீஸை மரியாதையாக நீட்டினார். "ஒரு தடவை போட்டுக் காட்டுங்க சார். நாங்களும் உங்க முறையைத் தெரிஞ்சுக்கிறோம்."

வாங்கினான். திரும்பினான். போர்டைப் பார்த்தான். அவன் நெற்றியில் வேர்த்தது. இடது கை விரல்கள் மெல்லக் காற்றில் ஆட ஆரம்பித்தன.

"ஆரம்பிச்சிட்டாரு" என்றேன் டீச்சரிடம், மெதுவாக.

அவன் திரும்பினான்.

"ஆன்ட்டி, நான் சொன்னேன். மேத்ஸ் தெரியாது."

"அப்ப விரலு?"

"கிட்டார், ஆன்ட்டி. பயம் வந்தா விரல் வாசிக்கும்."

நாற்பது பிள்ளைகளும் சிரித்தன. நான் தரையைப் பார்த்தேன். தரை அப்படியேதான் இருந்தது, பிளக்கவில்லை.

ஜெனி எழுந்தாள். அழுதுகொண்டே சொன்னாள். முதல் நாளே அவன் உண்மையைச் சொல்லிவிட்டானாம். சமையலுக்கு விலை போடுகிற பாடத்தில் அவனுக்கு அரியர். சதவீதம் தெரியாது. இவள் அதைச் சொல்லிக்கொடுத்தாள். அவன் எதற்கெடுத்தாலும் ஏன், ஏன் என்று கேட்டான். பதில் சொல்ல இவள் புத்தகத்தை முதலிலிருந்து படிக்க வேண்டியதாயிற்று. அப்புறம் அன்றன்றைக்கு ஸ்கூலில் நடந்த கணக்கையும் அவனிடமே சொல்லிப் பார்த்தாள்.

"அம்மாகிட்ட சொன்னா நிறுத்திடுவாங்கன்னு பயமா இருந்துச்சு, மிஸ்."

டீச்சர் அவனிடமிருந்து சாக்பீஸை வாங்கி ஜெனியிடம் கொடுத்தார். "அவருக்குச் சொல்ற மாதிரியே சொல்லு."

ரின்சாங்கா முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். ஜெனி முதல் வரியை எழுதினாள்.

"ஒய்?" என்றான், அந்தப் பெரிய சட்டைக்குள்ளிருந்து.

அவள் காரணம் சொன்னாள். அடுத்த வரி. "ஒய்?" மறுபடி காரணம். கணக்கு முடிந்தது. டீச்சர் விடவில்லை. புத்தகத்தில் இல்லாத ஒன்றைப் போட்டார். ஜெனி தடுமாறினாள், அழித்தாள், திரும்பப் போட்டாள். விடை வந்தது.

டீச்சரே போர்டைத் துடைத்தார். "மார்க் நிக்கும். போய் உட்காரு" என்றார்.

ஷேர் ஆட்டோவில் திரும்பினோம்.

"தெரியாதுன்னா கடைசி வரைக்கும் தெரியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே, தம்பி?"

"சொன்னேன் ஆன்ட்டி. அப்புறம் வஞ்சிரம் வந்துச்சு."

கொஞ்சம் கழித்து அவனே சொன்னான். "சென்னை போறேன்னு சொன்னேன். எங்க ஊர்ல எல்லாரும் சொன்னாங்க, அங்க எல்லாருக்கும் மேத்ஸ் வரும், சின்ன பாப்பாக்குக்கூட வரும். நீங்க கேட்டதும் எனக்கு டவுட். ஆன்ட்டிக்கு எல்லாம் தெரியும், என்னை டெஸ்ட் பண்றாங்கன்னு நெனச்சேன். தினம் அங்கயே உட்கார்ந்து பார்த்தீங்க. ரொம்ப பயம்."

என்னைப் பார்த்துக் கணக்கு தெரிந்தவள் என்று நினைத்து ஒருவன் பயந்திருக்கிறான். பிறந்ததிலிருந்து அப்படி யாரும் பயந்ததில்லை. அவனை அதற்கு மேல் திட்ட மனம் வரவில்லை. அன்றைக்கும் மீன்தான். ஆனால் இரண்டு தட்டு.

ஜெனி பத்தாவது பாஸ். இப்போது நர்சிங் மூன்றாம் வருஷம். ரின்சாங்காவும் அரியரை முடித்துவிட்டு ஒரு பெரிய ஹோட்டலில் இருக்கிறான். கிறிஸ்துமஸுக்குப் போன் செய்தால், "மிஸ் இருக்காங்களா?" என்றுதான் கேட்பான். எக்ஸ்போர்ட் கம்பெனி சூப்பர்வைசர் பெண் எப்போது வரும் என்று கேட்டாராம். "அது வராது சார், படிக்குது" என்று ரோஸியே சொன்னாளாம். (விசாரித்தேன். உண்மைதான்.)

வீட்டில் மீன் வறுத்தால் முதல் துண்டு ஜெனி தட்டுக்குத்தான். "வாத்தியாருக்கு" என்று வீட்டுக்காரரே எடுத்து வைப்பார். ரோஸி தன் தட்டையும் நீட்டுவாள். நான் கேட்பேன்:

"ஒய்?"