வீட்டில் நாலு பேர்

மூன்று கேள்விகளுக்கும் தன் பெயரையே எழுதிய ஜெயமணி, நான்காவதில் பேனாவை நிறுத்தினார்.

சுனாமி எச்சரிக்கை வந்தால் வீட்டில் கேஸை மூடுவது யார்? ஜெயமணி. பத்திரங்களை எடுப்பது? ஜெயமணி. தண்ணீர் கேனைத் தூக்குவது? ஜெயமணி. எல்லோரும் வெளியே வந்துவிட்டார்களா என்று கடைசியாகப் பார்ப்பது யார்?

படிவத்தோடு வந்திருந்த பஞ்சாயத்துப் பெண் நளினி, பாராடாங் தீவிலிருந்து இந்தக் கேம்பல் பேக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவள். எட்டிப் பார்த்தாள்.

"ஒரே பேரு சலேகா நஹி அங்கிள், ஒத்துக்க மாட்டாங்க. ஆளுக்கு ஒரு வேலைன்னு பிரிச்சுப் போடுங்க."

மனைவி உமா மகேஸ்வரி, மகள் வைஜெயந்தியின் பிரசவத்துக்காக மூன்று மாதம் என்று சொல்லி மதுரைக்குக் கப்பலேறி நான்கு வருஷமாகிறது. மகன் அருண்பிரசாத்துக்கு ஓசூரில் வேலை. துறைமுக ஸ்டோரிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் ஜெயமணி தீவைவிட்டு நகரவில்லை. டவர் கிடைக்கும் நாளில் அவர்கள் கூப்பிடுவார்கள். அடுத்த கப்பலில் வருகிறேன் என்பார்.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? பத்திரங்களுக்கு மனைவி, தண்ணீருக்கு மகன், கேஸுக்கு மகள், கடைசியாகப் பார்ப்பதற்குத் தான் என்று திருத்தினார். நாலு பெயரையும் ஒன்றாகப் பார்த்து வெகுநாளாகியிருந்தது. கொடுக்குமுன் ஒருமுறை மெதுவாகப் படித்தார்.

மறுவாரம் வீட்டுக்கு நாலு பைகள் வந்தன. ஆளுக்கொரு டார்ச், விசில், பிஸ்கட் பொட்டலம். திருப்பிக் கொடுத்தால் குட்டு வெளிப்படும். வாசலருகே நாலு ஆணி அடித்து மாட்டிவைத்தார்.

ஒத்திகை நாளில் காலை பத்து மணிக்குச் சைரன் ஒலித்தது. எல்லோரும் பையோடு மேட்டுக்கு வரவேண்டும் என்பது உத்தரவு. நாலு பைகளையும் தோளுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டு, விசில்கள் ஒன்றோடொன்று மோத, மூச்சு வாங்க ஏறினார்.

மேட்டில் நளினி பட்டியலோடு உட்கார்ந்திருந்தாள். ஒத்திகையை நடத்தும் அதிகாரி முனியாண்டி, இந்த வீட்டில் மற்ற மூன்று பேர் எங்கே என்று கேட்டார்.

மனைவிக்கு முழங்கால் வலி, பின்னால் வருகிறாள் என்றார் ஜெயமணி. முனியாண்டி கை காட்டியதும் இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு கீழே ஓடினார்கள்.

மகன்? வாய் தவறி, கடற்கரைப் பக்கம் போனான் என்றுவிட்டார். முனியாண்டியின் முகம் மாறியது. சுனாமி ஒத்திகையில் கடற்கரைக்குப் போனவனை இழுத்துவர மூன்று பேர் கிளம்பினார்கள். படகுக்கும் வயர்லெஸ்ஸில் சொல்லியாயிற்று.

"மகள்?"

ஜெயமணிக்குப் பொய் தீர்ந்துவிட்டது. பைகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினார்.

"யாரும் இல்ல சார். நான் மட்டும்தான். எல்லாரும் மெயின்லேண்டுல இருக்காங்க. கடைசியா யார் பாக்கறதுன்னு கேட்டிருந்துச்சு. பாக்கறதுக்கு ஆள் வேணுமேன்னு எழுதிட்டேன்."

பக்கத்து வீட்டு அலமு சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். எதிர்வீட்டு கிருஷ்ணமூர்த்தி மரத்தை அண்ணாந்து பார்த்தார். யாரும் சிரிக்காதது ஜெயமணிக்கு இன்னும் கூச்சமாக இருந்தது. பொய் எழுதியதற்கு என்ன தண்டனையானாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்றார்.

முனியாண்டி நளினியைப் பார்த்தார். அவள் பட்டியலின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, மேட்டில் நின்றவர்களை இன்னொரு முறை எண்ணினாள்.

"உக்காருங்க அங்கிள். லிஸ்டுல நூத்தி எண்பத்து மூணு பேர், இங்க நிக்கிறது அறுபத்து நாலு. மத்த வீட்டுக்காரங்க இன்னும் வாயைத் திறக்கல, அவ்வளவுதான்."