கருப்பருக்கு ஒரு பெர்மிட்

சிவமயம்

கூழாங்குளம், குளத்தூர் தாலுகா,
விரோதி வருஷம் ஆடி மாதம், திங்கட்கிழமை.

திருச்சி கலெக்டர் கச்சேரியில் ஹெட் கிளார்க்காக விளங்கும் மைத்துனர் மகா-ள-ஸ்ரீ ஆத்மநாதன் அவர்கள் சமூகத்துக்கு ஆவுடையப்பன் அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடம் உங்கள் தங்கை தெய்வானை சேமம், பிள்ளைகள் சேமம், நீங்கள் வாங்கிக் கொடுத்த சிவப்புப் பசுவும் சேமம். அவ்விடத்தில் தாங்களும் குடும்பத்தாரும் ஒரு குறையுமில்லாமல் இருக்க விராலிமலை முருகன் அருள்வானாக. நான் சேமமா என்று மட்டும் கேட்டு எழுதிவிடாதீர்கள். என்னை இந்தக் கிணற்றில் தள்ளியவர் நீங்கள். தள்ளினவரே எட்டிப் பார்த்து, 'அடி பட்டதா?' என்று விசாரித்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

சமஸ்தானத்து ரிகார்டு ஆபீஸில் ஆயுசில் பாதியைத் தூசு தின்று கழித்துவிட்டு, பென்ஷனை வாங்கிக்கொண்டு சிவனே என்று கிடந்தவன் நான். போன வருஷம் சமஸ்தானத்தையே மூட்டை கட்டித் திருச்சி ஜில்லாவில் சேர்த்தார்கள். பின்னாலேயே மதுவிலக்கும் வந்தது. வரட்டும், நல்ல காரியம்தான், நான் அந்தச் சனியனை மோந்துகூடப் பார்த்ததில்லை. ஆனால் ஊருக்கு ஊர் மதுவிலக்குக் கமிட்டி வேண்டும், அதற்குத் தலைவராக இங்கிலீஷில் கையெழுத்துப் போடத் தெரிந்த, குடிக்காத ஆசாமி ஒருவர் வேண்டும் என்று சர்க்கார் தேடியபோது, 'எங்க மாப்பிள்ளை இருக்கார், தங்கமான மனுஷர்' என்று என் பேரைக் கொடுத்தீர்களே, உங்களை யார் கேட்டார்கள் மச்சான்? தங்கம் என்று தெரிந்தால் ஊரார் சும்மா விடுவார்களா? தினமும் உரசிப் பார்க்கிறார்கள்.

சாராயக் கடை மூடின மறுநாளே, அதில் விற்றுக்கொண்டிருந்த திருப்பதி அதே கொட்டகையில் அதே பெஞ்சியைப் போட்டு டீக்கடை திறந்தான். குடியை மறக்க டீ நல்லது என்று சர்க்கார் நோட்டீஸே சொல்லுகிறது, நானும் போய்க் குத்துவிளக்கு ஏற்றி வைத்தேன். ஆட்களும் அதே நேரத்துக்கு வந்து, அதே இடத்தில் உட்கார்ந்து, அதே வரப்புத் தகராறைப் பேசி, அதே மாதிரி அடித்துக்கொள்கிறார்கள். முன்னே ஒரு வசதி இருந்தது. குடித்துவிட்டு அடித்தவன் விடிந்ததும் வந்து, "ஏதோ போதையில கை நீண்டுருச்சு, மனசுல வச்சுக்காதப்பா" என்பான். அடிபட்டவனும், "விடு, போதைதானே" என்று போய்விடுவான். இப்போது டீயைக் குடித்துவிட்டு மண்டையை உடைத்தவன் என்ன சொல்லிச் சமாதானம் ஆவான், சொல்லுங்கள்! அத்தனை பஞ்சாயத்தும் என் வாசலுக்கு வருகிறது. "நீங்கதானே கடைய மூடுனீங்க, நீங்களே தீத்து வைங்க" என்கிறார்கள். ஏதோ நான் போய்ப் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு வந்த மாதிரி!

இது போதாதென்று, குடிக்கிறவர்கள் சாயங்காலத்தில் சும்மா இருந்தால்தானே குடி ஞாபகம் வருகிறது, அவர்களை விளையாட விடுங்கள் என்று ஒரு வாலிபால் பந்தையும் வலையையும் அனுப்பி வைத்தார்கள். பந்தைக் கையால் அடிப்பதா காலால் உதைப்பதா என்று ஊரில் முடிவாவதற்குள் அது கருவேலங்காட்டில் விழுந்து உயிரை விட்டது. வலை கண்மாய்க்குப் போயிற்று. போனதோடு விட்டார்களா? "கண்ணு பெருசா இருக்குங்க, பெரிய கெண்டை மட்டுந்தான் நிக்குது. சின்னக் கண்ணா ஒரு வலை வேணும்னு எழுதிப் போட்டீங்கன்னா தேவல" என்று என்னிடமே வந்து கேட்கிறார்கள். பஜனை நடத்தச் சொல்லி உத்தரவு வந்தது, நடத்தினேன். சுண்டல் தீர்ந்ததும் பக்தியும் தீர்ந்தது. நடுவில் ஊரில் ஆம்பிளைகள் அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் வயிற்றுவலி வந்து, வைத்தியர் கடையில் இருந்த அரிஷ்டமெல்லாம் பாட்டில் பாட்டிலாகக் காலியாயிற்று. அவர்கள் நடந்து வீடு திரும்பிய அழகைப் பார்த்த பிறகுதான் எனக்கு அந்த வயிற்றுவலியின் மூலம் விளங்கிற்று.

இத்தனை எரிச்சலிலும் ஒன்றைச் சொல்லாவிட்டால் என் நாக்கு அழுகிப்போகும். என் தங்கை சொர்ணம் வீட்டில் வேளாவேளைக்கு அடுப்பு எரிகிறது. அவள் புருஷன் மூக்கனைப் பற்றி நான் உங்களுக்குப் புதிதாக எழுத வேண்டியதில்லை. எங்கள் கருப்பர் கோயிலுக்கு அவன்தான் சாமியாடி. வருஷத்தில் ஒரு நாள் அவன் மேல் கருப்பர் இறங்கிக் குறி சொல்வார். மற்ற நாளெல்லாம் அவன் மேல் இறங்கியிருந்தது சாராயம். கடை மூடின புதிதில் கையும் காலும் வெடவெடவென்று நடுங்கப் பாயோடு பாயாகக் கிடந்தான், பிழைக்கமாட்டான் என்றே நினைத்தோம். பிறகு எழுந்தான், ஏரைப் பூட்டினான். அடகுக்குப் போயிருந்த தோடு சொர்ணத்தின் காதுக்குத் திரும்பியிருக்கிறது. அப்பன் வருகிற சத்தம் கேட்டால் கொல்லைப் பக்கம் ஓடி ஒளிந்த பிள்ளைகள் இப்போது அவன் முதுகில் ஏறுகிறார்கள். என் தங்கை பல் தெரியச் சிரிப்பதை எத்தனையோ வருஷம் கழித்து இப்போதுதான் பார்க்கிறேன். அந்தச் சிரிப்புக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருக்கிறது.

வருகிற வெள்ளிக்கிழமை உச்சிவேளையில் கருப்பருக்கு ஆடிப் படையல். கடை மூடின பிறகு வருகிற முதல் படையல். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒரு கலயம் சாராயத்தைக் கருப்பர் காலடியில் வைத்து எடுத்துச் சாமியாடியிடம் கொடுப்பார்கள். அவன் ஒரே மூச்சில் குடித்த பிறகுதான் சாமி இறங்கும். அவர் உத்தரவு கொடுக்காமல் இந்த ஊரில் ஒருத்தரும் நாற்றங்காலுக்கு விதை எடுப்பதில்லை. அம்பலகாரர் அய்யாக்கண்ணு ஊரைக் கூட்டி என்னை நடுவில் உட்கார வைத்துக் கேட்டார். "நாங்க குடிக்கல, சர்க்காருக்குக் கட்டுப்பட்டுட்டோம். சாமி என்னங்க குத்தம் பண்ணுச்சு?" என்றார். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்றேன். "வெள்ளக்காரத் தொரைமாருக்கு மட்டும் பெர்மிட் குடுக்குறாகளாமே, வெளி தேசத்து ஆளுங்கன்னு? நம்ம கருப்பரு மலையாளத்துலேருந்து வந்தவருதானே, அவரும் வெளி தேசந்தானே?" என்றார். கூட்டம் முழுதும் அதானே, அதானே என்றது. மச்சான், வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், அந்த நேரத்தில் எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மனு எழுதிக்கொண்டு மதுவிலக்கு இன்ஸ்பெக்டரைப் போய்ப் பார்த்தேன். சின்ன வயசுக்காரர், சிரிக்காமல் படித்தார். "மனுதாரர் சாராயம் சாப்பிடாவிட்டால் உடம்பு கெட்டுப்போகும் என்று சர்க்கார் டாக்டர் சர்ட்டிபிகேட் கொடுக்க வேண்டும். மனுதாரர் நேரில் ஆஜராக வேண்டும்" என்றார். "நேரில் ஆஜராவார் சார், ஆனால் ஆஜராவதற்கே சாராயம் வேண்டும் என்பதுதான் எங்கள் கஷ்டம்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நான்தான் கமிட்டித் தலைவரா என்று இன்னொரு தடவை கேட்டார். நான் திரும்பி வந்த வழியெல்லாம் உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன், நல்லபடியாக அல்ல.

அம்பலகாரர் சளைக்கவில்லை. எங்கோ முந்திரிக் காட்டில் காய்ச்சினது ஒரு போத்தல் கிடைக்குமாம். வியாழக்கிழமை கொண்டுவந்து விடுவார்களாம். அதை விடிகிற வரைக்கும் எங்கே வைப்பது? "தலைவரு வீட்டுலதான் வைக்கணும், போலீசு அங்கிட்டு வராதுல்ல" என்கிறார்! கேட்டீர்களா மச்சான்? கள்ளச் சாராயத்தை ஒழிக்க நீங்கள் ஏற்படுத்திய ஆசாமி வீட்டில்தான் அதற்கு நல்ல பாதுகாப்பு இருக்கிறதாம். மாட்டேன் என்றேன். மழை பொய்த்தால் நான்தான் பொறுப்பா என்று கேட்டார்கள்.

நேற்று சொர்ணம் வந்தாள். வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஒரு போத்தல்தானேன்னு சொல்றாகண்ணே. சாமி குடிச்சிட்டு ஒரு நாழிகையில மலையேறிருவாரு. இந்த மனுசன் எறங்கமாட்டாருண்ணே. ஒரு வாய் பட்டுருச்சுன்னா மறுபடி பழைய கதைதான்" என்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். மூக்கனைக் கூப்பிட்டு விசாரித்தேன். "எனக்குக் குடிக்கணும்னு இல்ல மச்சான். ஆனா சாமி கேட்டா நான் என்ன செய்ய? மாட்டேன்னா சாமிக்குத்தம், சரின்னா வீட்டுக்குக் குத்தம்" என்று சொல்லிவிட்டுத் தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டே நின்றான். பாவி, அவனுக்கும் பயம்தான்.

சர்க்காருக்கு என்ன? ஒரு கையெழுத்தில் கடையை மூடிவிட்டு அங்கே உட்கார்ந்திருக்கிறது. மூடின கடைக்கு வெளியே நிற்கிற சாமியையும் சாமியாடியையும் என் தங்கையையும் என் தலையில் கட்டிவிட்டது. ஒரு பக்கம் ஊர், ஒரு பக்கம் கூடப் பிறந்தவள், நடுவில் நான், மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி. இந்த வேலை எனக்கு வேண்டாம். ராஜினாமாவை இத்துடன் வைத்திருக்கிறேன். வியாழக்கிழமைக்குள் அதை ஏற்றுக்கொண்டதாக எப்படியாவது தந்தி அடிக்கச் செய்யுங்கள். தலைவர் இல்லை என்றால் போத்தல் என் வீட்டைத் தேடி வராது, அதற்கப்புறம் ஊர் பாடு, சாமி பாடு. தந்தி வராவிட்டால் இனி உங்கள் வீட்டுக் கல்யாணம் காட்சிக்கு என்னை எதிர்பார்க்க வேண்டாம். தெய்வானை வருவாள், நான் வரமாட்டேன். பெரியவர்களுக்கு நமஸ்காரமும் குழந்தைகளுக்கு ஆசீர்வாதமும். கோபத்தில் எழுதினாலும் உங்கள் சேமத்தையே என்றும் வேண்டும்,

ஆவுடையப்பன்.

பின்குறிப்பு: இன்று சனிக்கிழமை. திங்கட்கிழமையே தபால்காரரிடம் சேர்க்கச் சொல்லித் தெய்வானையிடம் கொடுத்த இந்தக் கடிதம் இன்று காலை அரிசிப் பானைக்குள்ளிருந்து வெளியே வந்தது. ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டால், மறந்துபோச்சு என்கிறாள் உங்கள் தங்கை. இருக்கட்டும். நேற்று நடந்ததை எழுதிவிட்டு இதை நானே கொண்டுபோய்ப் போடுகிறேன்.

போத்தல் என் வீட்டுக்குத்தான் வந்தது. நெல் குதிருக்குப் பின்னால் இருந்தது, நான் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. உச்சிவேளைக்கு உறுமி முழங்க மூக்கனை அரிவாளோடு நிறுத்தினார்கள். சாமி வரவில்லை. வேர்வை ஊற்றியதுதான் மிச்சம். அம்பலகாரர் கலயத்தில் ஊற்றி நீட்டினார். வேண்டாம் என்று சொல்ல மூக்கனுக்கு வாய் வரவில்லை, வாங்கக் கையும் வரவில்லை. மதுவிலக்குக் கமிட்டித் தலைவராகிய நான் கோயில் மணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கும் வாய் வரவில்லை, மச்சான். அவன் கை மெல்ல எழும்பினபோது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் கேட்டது. தலைவிரி கோலமாக வந்தது சொர்ணம். அந்தக் கோயிலில் கருப்பர் பெண் மேல் இறங்கினதாகக் கேள்விப்பட்டதே இல்லை. கலயத்தைப் பிடுங்கித் தரையில் கவிழ்த்து, "எவன்டா எனக்குச் சாராயம் வேணும்னு சொன்னவன்? நான் கேட்டனா? ஒங்க தாகத்துக்கு எம் பேரைச் சொல்லிக் குடிச்சீங்க!" என்று ஒரு அதட்டல் போட்டது. அம்பலகாரர் கைகட்டி, "பரம்பரையா செய்யிறதுங்க சாமி" என்றார். "பரம்பரையா இவன் வீட்டுல பொண்டாட்டி புள்ள பட்டினி கெடந்துச்சே, அதையும் எனக்குப் படையல்னு வச்சீங்களாடா?" என்று கேட்டது. ஒருத்தரும் நிமிரவில்லை. பிறகு மூக்கன் நெற்றியில் திருநீறு பூசி, "ஒன்ன விட்டாச்சுடா. இனிமே ஒன் மேல வரமாட்டேன். போயி வெள்ளாமையப் பாரு" என்றது. அரிவாளைக் கீழே போட்டுவிட்டு அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். நானும் அழுதேன், உங்களிடம் மறைப்பானேன்?

அதோடு நின்றிருக்கலாம். என் பக்கம் திரும்பி, "அங்கிட்டு என்னடா பாக்குற, இங்கிட்டுப் பாரு. கமிட்டிய விட்டு ஓடப் பாக்குறியாமே? நான் போகச் சொல்ற வரைக்கும் நீதான்டா தலைவரு" என்றது. கூடப் பிறந்த தங்கை ஊர் நடுவில் என்னை 'டா' போட்டது. விழுந்து கும்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை. விதைப்புக்கும் உத்தரவு கொடுத்துவிட்டுத்தான் சாமி மலையேறிற்று.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். மூக்கனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். "ஏம்மா சொர்ணம், நெசமாவே கருப்பர்தானா?" என்று கேட்டேன். "என்னண்ணே இப்படிக் கேக்குறீங்க? எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லையே" என்றாள். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, குழம்புச் சட்டியைப் பார்த்துச் சொன்னாள். மூக்கன் இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னான்.

ஆகவே ராஜினாமாவை அடுப்பில் போட்டுவிட்டேன். கலெக்டர் அவர்களிடம் தாங்கள் ஒன்றும் பேச வேண்டாம். பேசினாலும் அவரால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. உத்தரவு அவருக்கும் மேலே உள்ள இடத்திலிருந்து வந்திருக்கிறது, அதற்கு அப்பீல் கிடையாது.