மீட்டெடுத்த வகையில் ஒரு மகள்

இருட்டி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். வாசற்கதவின் அடியில் ஏதோ சரசரவென்று ஊர்ந்தது. பாம்பென்று நினைத்து, மகளை வாரிக்கொண்டு கட்டில்மேல் ஏறிவிட்டேன். பாம்பாக இருந்திருந்தால் தேவலை. பிறப்புப் பதிவு அலுவலகத்தின் கடிதம்.

விஷயம் இதுதான். கணினியில் இடம் போதவில்லை என்று ஒரு புண்ணியவான் இந்த வருடத்துக் குழந்தைகளை மொத்தமாக அழித்துவிட்டார். அப்புறம் மீட்பு மென்பொருள் வாங்கி, மூன்று நாள் ஓடவிட்டு, எல்லோரையும் மீட்டார்கள். மென்பொருளுக்கு வஞ்சகம் தெரியாது. எழுத்துப்பிழைக்காக எப்போதோ அழித்த பதிவுகளையும் சேர்த்தே மீட்டுக் கொடுத்தது. அந்த வகையில் எனக்கு இரண்டு மகள்கள். பெயர்கள்தான் மீளவில்லை. மூத்தவள் 'கோப்பு 0417', இளையவள் 'கோப்பு 0418'. புதன்கிழமை வீட்டுக்கே வந்து நேரடி ஆய்வு. இருவரையும் ஆஜர்படுத்த வேண்டியது.

மறுநாளே போனேன். கான்வென்ட் பழக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு, எனக்கு ஒரு பிள்ளைதான் என்று பணிவாக மூன்று முறை சொன்னேன்.

குமாஸ்தா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உங்களுக்கு மறந்திருக்கலாம்மா. கம்ப்யூட்டருக்கு மறக்காது."

"மறந்ததாலதானே சார் மீட்டீங்க?"

இது அதிகப்பிரசங்கித்தனம் என்று அவர் முகம் சொன்னது. சரி, ஒன்றை அழித்துவிடுங்கள் என்றேன். அழிக்கும் அதிகாரத்தைப் போன மாதத்தோடு பிடுங்கிவிட்டார்களாம். ஆய்வில் ஒன்று குறைந்தால் அது காணாமல்போன குழந்தை. அது கிடைக்கும்வரை கையில் இருப்பதைப் பாதுகாப்புக்காகக் காப்பகத்தில் வைப்பார்களாம். இதை அவர் மிகுந்த பரிவோடு சொன்னார்.

எதிர்வீட்டிலும் இதே வயதில் ஒன்று இருக்கிறதே, ஒரு மணி நேரம் இரவல் வாங்கினால் தேய்ந்தா போய்விடும் என்றார் என் வீட்டுக்காரர். பிள்ளை என்ன சல்லடையா, அரிவாள்மணையா, என்று இரண்டு நாள் அவரைத் திட்டினேன்.

புதன்கிழமை காலை, எப்படிக் கேட்பது என்று கண்ணாடி முன் பழகிவிட்டுக் கதவைத் திறந்தேன். எதிர்வீட்டுப் பெண்ணே வாசலில் நின்றாள். தலைகூட வாரவில்லை, இடுப்பில் பிள்ளை.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. எனக்கு மூணு மீண்டிருக்கு. உங்க பாப்பாவைக் கொஞ்சம் குடுங்களேன்."

அதற்கென்ன, தாராளமாக என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இவளைச் சித்த பிடிச்சுக்கோங்கக்கா. மாடி வீட்டுல இன்னொண்ணு கேட்டுட்டு ஓடி வந்துடறேன்."

வாங்கிக்கொண்டேன். அவள் படியேறும் சத்தம் ஓயும்வரை காத்திருந்து, கதவை உள்ளே தாழிட்டேன்.