பிள்ளையார் வெளியே, சிலிண்டர் உள்ளே

நெடுந்தீவு மேற்கு,
ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை.

பாரிசில் இருக்கும் அன்புள்ள சதீசன் அண்ணைக்கு, தங்கை நிலுஜா வணக்கத்துடன் எழுதுவது.

இங்கு யாவரும் நலம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார்கள். ஆகையால் யாவரும் நலம். அம்மாவின் நெஞ்சை மட்டும் அந்த ‘யாவரும்’ என்பதற்குள் சேர்க்க முடியவில்லை. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். போனில் உங்கள் குரல் கேட்டால் அம்மா கிணற்றடியில் நின்றாலும் ஓடி வந்துவிடுவார். தவிர, நேரே பேசினால் எனக்கு இரண்டு வசனத்துக்கு மேல் வாய் வராது என்பதும் உங்களுக்குத் தெரியும்.

விசயம் நீங்கள் வாங்கித் தந்த காஸ் அடுப்பைப் பற்றியது. “இந்த நெஞ்சுக்கு இனி விறகுப் புகை ஆகாது. இப்பிடியே போனால் மூச்சு மெசினோடைதான் இருக்க வேண்டி வரும்” என்று டொக்டர் சொன்னதும் நீங்கள் யாழ்ப்பாணத்துக் கடையில் சொல்லி அடுப்பும் சிலிண்டரும் எடுப்பித்தீர்கள். அப்பா இரண்டையும் பஸ்ஸில் ஏற்றிக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குக் கொண்டுபோனார். படகுக்காரர் அடுப்பை ஏற்ற விட்டார்கள், சிலிண்டரை விடவில்லை. “ஐயா, ஆக்கள் ஏறுற படகிலை இதை ஏத்தேலாது. சாமான் வள்ளத்திலை வரட்டும்.” “தம்பி, நான் மடியிலை வைச்சுக்கொண்டு வாறன்.” “அது வெடிச்சால் நாங்களும் உங்களோடை வர வேண்டி வரும் ஐயா.” “நெடுந்தீவுக்குத்தானே?” “இல்லை ஐயா, மேலை.” அப்பா சிலிண்டரை இறங்குதுறையில் ஒப்படைத்துவிட்டு வந்தார். கடலைக் குழப்பும் சோளகக் காற்று அடங்கிச் சாமான் வள்ளம் ஓடும்வரை அம்மா ஒவ்வொரு நாளும் கடலைப் பார்த்து இருமிக்கொண்டிருந்தார்.

சிலிண்டர் வந்து சேர்ந்த அன்று, நான் வேலை செய்யும் கந்தோரில் எங்களுக்குத் தந்த பாதுகாப்புப் பயிற்சியில் எழுதி வந்ததையெல்லாம் இருவருக்கும் வாசித்துக் காட்டினேன். நிமிர்த்தி வைக்க வேண்டும், குளிர்ச்சியான காற்றோட்டமான இடமாக இருக்க வேண்டும், பக்கத்தில் நெருப்பு இருக்கக்கூடாது. இந்த வீட்டில் நான் அவ்வளவு நேரம் பேசியதும் அவர்கள் குறுக்கே பேசாமல் கேட்டதும் அதுவே முதல் தடவை. அப்பா அப்போதே சுருட்டை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனார். இன்றுவரை அங்கேதான் பற்றுகிறார். பின்பக்கச் சுவரோடு வெளியே வைப்போம் என்றேன். “வெளியிலையோ? உப்புக்காத்திலை கறள் பிடிக்கும். மாடு வந்து உரஞ்சும்” என்றார் அம்மா. எங்கள் வீட்டில் குளிர்ச்சியான இடம் சாமியறை ஒன்றுதான். அங்கே விளக்கு எரிகிறதே என்றேன். மறுநாள் வேலையால் வந்து பார்த்தால் பிள்ளையார் விறாந்தையில் கதிரையில் இருக்கிறார், பக்கத்தில் அப்பாவின் குடை. “விளக்கு இருக்கிற இடத்திலை வைக்கக்கூடாதெண்டு நீதானே பிள்ளை சொன்னனி? விளக்கை வெளியிலை எடுத்தன். பிறகு பிள்ளையார் மட்டும் இருட்டுக்கை இருக்கிறதோ?” மூடிய அறையில் வைக்கக்கூடாது அம்மா, காஸ் கசிந்தால் நிலத்தோடு தங்கும் என்றேன். அதற்கு மறுநாள் வந்தால் சாமியறைக்குக் கதவு இல்லை. அப்பாவைக் கொண்டு கழற்றுவித்துவிட்டார். இணைப்பில் சவர்க்கார நுரை பூசிக் கசிவு பார்க்க வேண்டும் என்று சொன்னது இன்னும் பெரிய வினையாகப் போயிற்று. வெள்ளிக்கிழமை தோறும் சிலிண்டருக்குச் சவர்க்காரம் போட்டு முழுக்காட்டு, துவாயால் துடைப்பு. “கலியாணம் கட்டி இவ்வளவு காலத்திலை எனக்கு ஒருக்கால் முதுகு தேய்ச்சுவிட்டவளில்லை” என்று அப்பா விறாந்தையில் பிள்ளையாரிடம் முறையிட்டார்.

போன கிழமை ஒரு பின்னேரம் படலையைத் திறக்கிறேன், மூக்கைத் துளைக்கிறது ஒரு நாற்றம். “ஒருத்தரும் சுவிச்சிலை கை வைக்காதேங்கோ! நெருப்புத் தட்டாதேங்கோ! எல்லாரும் வெளியிலை வாங்கோ!” என்று நான் போட்ட சத்தம் எனக்கே யாரோ போட்டதுபோல் இருந்தது. அப்பா அரைவாசி சவரத்தோடு ஓடி வந்தார். அம்மா உங்கள் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். பக்கத்து வீட்டு ஜெனீற்றா அக்காவும் பிள்ளைகளோடு தெருவுக்கு வந்து, “எங்கையிருந்து பிள்ளை மணக்குது?” என்று கேட்டார். நான் காற்று வந்த பக்கத்தைக் கையால் காட்டினேன். அது அவருடைய வேலி. வேலியில் அரைகுறையாகக் காய்ந்த திருக்கைக் கருவாடு. “என்ரை கருவாட்டிலையோடி காஸ் வருது? உதைத்தானோ கந்தோரிலை படிப்பிச்சவை?” அன்றிலிருந்து அவர் எங்களோடு கதைப்பதில்லை.

இருந்தாலும் மனம் கேட்காமல் நுரையை எடுத்துக்கொண்டு சாமியறைக்குள் போனேன். பூசுவதற்கு இணைப்பு என்று ஒன்று இருந்தால்தானே? சிலிண்டரின் வாயில் கடையில் போட்ட பிளாஸ்ரிக் மூடி உடையாமல் அப்படியே இருந்தது. ரியூப்பும் ரெகுலேற்றரும் அலுமாரிக்குள், பெட்டியும் பிரிக்காமல். ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் வீடியோவில் பார்க்கும் அம்மா, புதுச் சேலை உடுத்து அந்த அடுப்பில் கிண்டுவது வெறும் சட்டி அண்ணை. எங்களுடைய சோறு பின்னால் பழைய குசினியில், பனைமட்டை எரித்து, இருமி இருமித்தான் வேகிறது. சோறு புகை மணக்கிறதே என்று முன்பு கேட்டபோதெல்லாம் பானை பழசு என்றார்.

ஏனம்மா என்று கேட்டேன். “அவன் வரேக்கை திறப்பம் பிள்ளை. இதை இப்ப முடிச்சுப்போட்டு, அவன் வந்து நிக்கேக்கை வள்ளம் ஓடாட்டில் என்ன செய்யிறது? புகையில்லாமல் இருந்து பழகினவன். அவன்ரை கண்ணிலை புகை படக்கூடாது.”

எல்லாவற்றுக்கும் எனக்கு விதி சொல்லித் தந்திருந்தார்கள். இதற்கு ஒன்றும் சொல்லித் தரவில்லை.

ஆகவே அண்ணை, ஒரேயொரு உதவி. உங்கள் விசா வழக்கு முடியாமல் நீங்கள் வர முடியாது என்று எனக்கும் அப்பாவுக்கும் தெரியும். ஒவ்வொரு வருசமும் ‘வாற திருவிழாவுக்கு வாறன்’ என்று நீங்கள் சொல்வதை நம்புவது அம்மா மட்டும்தான். அடுத்த ஞாயிறு, இப்போதைக்கு வரமாட்டேன் என்று நேரே சொல்லிவிடுங்கள். அழுவார். ஒரு நேரம் சாப்பிடமாட்டார். பிறகு சிலிண்டரைத் திறப்பார். அவருடைய நெஞ்சு மிஞ்சும்.

அங்கே குளிர் தொடங்கும் காலம். காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போங்கள். பிள்ளையார் உங்களுக்குத் துணையிருப்பார். விறாந்தையில் இருந்து பார்க்க அவருக்கு இப்போது கடல் நன்றாகத் தெரிகிறது.

இப்படிக்கு,
தங்கை நிலுஜா

பிற்குறிப்பு: உறையை ஒட்டச் சோற்றுப் பருக்கை எடுக்கப் பின்குசினிக்குப் போனேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். “ஆருக்குக் கடிதம்? அண்ணைக்கோ?” என்று கேட்டார். ஓம் என்றேன். இருமல் நிற்கும்வரை என்னைக் கையால் மறித்து வைத்திருந்துவிட்டுச் சொன்னார்: “அப்ப எழுது, வரேக்கை காஸ் அடுப்புக்குப் பொறி தட்டுற லைற்றர் ஒண்டு கொண்டுவரச் சொல்லி. நெருப்புக்குச்சி ஆபத்தெண்டு நீதானே சொன்னனி?” அதைச் சொல்லும்போது அவருடைய முகத்தைப் பார்த்தேன் அண்ணை. நீங்கள் வரமாட்டீர்கள் என்று சொன்னால் காஸ் அடுப்பு எரியும் என்று நான் மேலே எழுதியது பிழை. அந்த நம்பிக்கை போனால் விறகடுப்பும் எரியாது. மேலே கேட்ட உதவியை மறந்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கதைக்கும்போது, லைற்றர் வாங்கிவிட்டேன் என்று மட்டும் சொல்லுங்கள்.